முதல் மொட்டை முடி

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே ஒரு கம்பி தொய்ந்திருந்தது.

சிவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொய்வுதான். நேற்று மாலை அவரே இடுக்கி முனையால் சுண்டிப் பார்த்து, வீணைத் தந்தி மாதிரி இருக்கிறதென்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்ட கம்பி அது. இப்போது ஈரத்துணி காயப்போட்ட கொடிபோல வயிறு தள்ளிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போன அதிர்வில் அது மட்டும் ஆடியது. மற்றவை ஆடவில்லை. அறையில் வார்னிஷ் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. கழுவாத பால்புட்டியைத் திறந்தால் வருவது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அது மூன்றாவது படுக்கையறை. அவர் அதை ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, என்பார். அவர் மனைவி ஜனகா ஸ்டோர் என்பாள். அரசாங்க இலாகா ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர் சிவேந்திரன். ஓய்வுக்குப் பிறகு 'துணை' எப்படியோ உதிர்ந்துபோயிருந்தது. இப்போது மாடல் விமானக் கழகத்தின் தலைவர். சனிக்கிழமை நடக்கப்போகும் கண்காட்சிக்கு டான் ஸ்ரீ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். அவர் முன்னால் திறக்கப்போவது இந்த மேசைமேல் இருப்பதுதான்: நூறு வருடத்துக்கு முந்தைய குதிரைப் பந்தயத் திடல், அதன் நடுவில் துணியும் மரச்சட்டமுமாக ஓர் இரட்டை இறக்கை விமானம், சுற்றிலும் விரல்நுனி உயர மனிதர்கள்.

இறக்கையைப் பிடித்தபடி நிற்கும் பொம்மை அவருடைய கொள்ளுத்தாத்தா முத்துக்குமாரு, ரயில்வே குமாஸ்தா. சிவேந்திரன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, குடும்பக் கதையில் முத்துக்குமாரு அந்த விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர். சிவேந்திரன் கழகத்தில் சேர்ந்ததும், கதையில் முத்துக்குமாரு இறக்கையைத் தொட்டார். தலைவரான வருஷம், முத்துக்குமாரு கைகொடுக்காவிட்டால் விமானம் எழும்பியே இருக்காது என்றாகிவிட்டது. பொம்மையும் வெள்ளைக்கார விமானியைவிட அரைத்தலை உயரம்.

அந்தக் காலத்து விமானங்கள் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டுத்தான் நின்றன. மாடலில் அந்தக் கம்பியை எதனால் செய்வது என்பதில் கழகத்துக்குள் ஒரு போரே உண்டு. செயலாளர் ரஞ்சன் மீன்பிடி நைலான் கட்டுகிறவர். அது மினுக்கும். "தூண்டில்" என்று கூட்டத்தில் வைத்தே சிவேந்திரன் நக்கலடித்திருக்கிறார். மினுக்காதது, சரியான மெலிவு உள்ளது, நுனி ஊசிபோல முடிவது ஒன்றுதான்: பிறந்ததிலிருந்து கத்தி படாத குழந்தை முடி.

பேரன் குருவுக்குக் கிள்ளான் கோயில் ஒன்றில் முதல் மொட்டை போட்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலைமேல் சுருண்டு கிடந்த முடியை ஓடும் தண்ணீரில் விடவேண்டும். யார் கையிலும் தங்கக்கூடாது. ஆற்றுக்கு நானே போறேன் என்று சிவேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டியபோது, சம்பந்தி வீட்டார் அவருடைய பக்தியை மெச்சினார்கள். ஆற்றோரச் சாலையில் காரை நிறுத்தி ஏர்கோனைப் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டார். பிறகு, போன காரியம் முடிந்தவர் முகத்தோடு திரும்பினார். வெற்றிலைப் பொட்டலம் டேஷ்போர்டுக்குள் இருந்தது.

தொய்ந்ததை விறைக்க வைக்கும் வழி அவருக்குத் தெரியும். சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, கனலைக் கம்பியின் அருகே கொண்டுபோனார். முடி மெல்லச் சுருங்கியது. பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது.

கூடத்தில் குரு வீறிட்டான்.

கையை விலக்கினார். அழுகை நின்றது. மறுபடி நீட்டினார். மறுபடி வீறிட்டான். தற்செயல் என்று சொல்லிக்கொண்டு ஊதுபத்தியை அணைத்தார். மூன்றாவது முறை தான் நீட்டிப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தார்.

மகள் சுதர்சினியின் கணவனுக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. அதனால் பிள்ளையோடு அவள் இங்கேதான் இருந்தாள். அன்று சாப்பாட்டு மேசையில், குருவின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீங்க முடிய ஆத்துலதானே விட்டீங்க?"

"என் கண்ணால பாத்தேன்லா. மிதந்து போச்சு."

"டாக்டர் ஒன்னுமில்லங்கிறாரு. ஆனா இத்தனை நாளாச்சு, ஒரு முடிகூட முளைக்கல. தலை கொதிக்குது. உச்சி பாருங்க, எப்படித் துடிக்குதுன்னு."

பார்த்தார். மொட்டைத் தலையில் முட்டை ஓட்டு நிறத்தில் ஒரு பளபளப்பு. நடுவில் உச்சிக்குழி பொங்கித் தாழ்ந்து, பொங்கித் தாழ்ந்து. தயிர் சாதத்தை மறுபடி பிசையத் தொடங்கினார்.

"இவருதான் போனாரு, இவருக்குத்தான் தெரியும்," என்றாள் ஜனகா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் எல்லாக் கம்பிகளும் தொய்ந்திருந்தன. தொய்வு என்று சொல்வது தவறு, அவை நீண்டிருந்தன. முடிச்சுப் போட்டு நறுக்கிய இடங்களிலிருந்து மெல்லிய இழைகள் இறங்கிப் பந்தயத் திடலின் புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தன. மேல் இறக்கைத் துணியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துக் கத்தி முனையால் சுரண்டினார். அது தூளாக உதிரவில்லை. கொழகொழவென்று, கைக்குழந்தையின் தலையில் எண்ணெய் ஊறிக் கிளம்பும் பொருக்கு மாதிரி, செதில் செதிலாக உரிந்து கத்தியோடு வந்தது. ஒவ்வொரு செதிலிலும் ஒரு முடிவேர். ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. கால்சட்டையில் தேய்த்தார். சந்தனமும் புளித்த பாலும் கலந்த நாற்றம் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சோப்புப் போட்டுக் கழுவினார். சாப்பிடக் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அது அங்கேயே இருந்தது.

செதில் உரிந்த இடத்தில் துணி இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, வேறெதுவோ இருந்தது.

பிரித்துவிடலாம். அத்தனையையும் அவிழ்த்து, வெற்றிலையில் மடித்து, கிள்ளான் ஆற்றில் ஒரு மணிநேரத்துக்குள் விட்டுவிடலாம். பிள்ளைக்குச் சரியாகிவிடும், ஏன் என்று தெரியாமலே அது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அதில் முத்துக்குமாருவின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. விமானம் இல்லாவிட்டால் நடு மேசையில் ரஞ்சனின் தூண்டில் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை, என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை அதுதான். ஒரு நல்ல தாத்தாவாகத் தன்னை உணர்ந்தார்.

சனிக்கிழமை காலை விமானத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு முடிப்பந்து இருந்தது, குளியலறைச் சாக்கடையிலிருந்து இழுத்தெடுத்த மாதிரி, நனைந்து, பளபளத்து. விரலால் விலக்கினார். உள்ளே வெதுவெதுப்பு. ஓர் இழையை மட்டும் கத்தரித்தார். வெட்டிய நுனியில் ஒரு துளி வந்து நின்றது. சிவப்பு.

கூடத்தில் குரு போட்ட அலறலில் ஜனகாவின் கையிலிருந்து கிண்ணம் விழுந்து உடைந்தது.

கத்தரியைக் கீழே வைத்தார். வெட்டக்கூடாது. சரி, வெட்ட வேண்டாம். சீப்பெடுத்து மெதுவாக வாரி, ஒவ்வொரு இழையாக இழுத்து, விமானிக்குப் பின்னால், விசிறியைச் சுழற்றும் குட்டி மோட்டார் இருந்த எஞ்சின் பெட்டிக்குள் திணித்தார். விசிறித் தண்டைச் சுற்றி அடைத்து மூடினார். இழுக்க இழுக்கக் கம்பிகள் விறைத்தன. அற்புதமாக விறைத்தன. கூடத்தில் அழுகை நின்றுபோயிற்று. எட்டிப் பார்த்தார். குரு விழித்தபடி படுத்திருந்தான். கண்ணிமைக்கவில்லை. ஆனால் அழவில்லை. அதுதானே வேண்டும்.

கண்காட்சி ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில். டான் ஸ்ரீ தாமதமாக வந்து, தாமதத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். சிவேந்திரன் முத்துக்குமாருவைப் பற்றிப் பேசினார். இந்த முறை கொள்ளுத்தாத்தா விமானியின் பக்கத்து இருக்கைக்கே வந்துவிட்டார். நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, இவ்வளவு கச்சிதமான விறைப்பைப் பார்த்ததில்லை என்றார். ரஞ்சனின் முகம் கறுத்தது. இந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனையும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுதர்சினி வந்தாள். தோளில் குரு. தலையில் கம்பளித் தொப்பி.

"அப்பா, பிள்ளை காலையிலேருந்து கண்ணே மூடல," என்றாள் அவர் காதருகே. "தோல் எல்லாம் மேல இழுக்குதுப்பா. கிளினிக் போவோம், இப்பவே."

"அஞ்சு நிமிஷம்மா."

தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். தலைத்தோல் மத்தளத் தோல்போல இறுகியிருந்தது. கண்களின் ஓரங்கள் நெற்றிப்பொட்டை நோக்கி ஏறியிருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள், மேல் இறக்கையின் நடுவே, ஓர் இடம் பொங்கித் தாழ்ந்தது. பொங்கித் தாழ்ந்தது. இரண்டும் ஒரே தாளம்.

ஒலிபெருக்கியில் ரஞ்சன், செயலாளர் என்ற முறையில்: "இப்போது யாங் பெர்பஹாகியா டான் ஸ்ரீ அவர்கள், விசையை அழுத்தி, விமானத்தின் எஞ்சினை முடுக்கி வைப்பார்."

எஞ்சின்.

விசிறித் தண்டு.

சிவேந்திரன் வாயைத் திறந்தார். டான் ஸ்ரீயின் கை அவர் தோளில் விழுந்து அவரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. முன்னால் கேமராக்கள்.

"அங்கிள், இங்க பாருங்க. சிரிங்க அங்கிள்."

பார்த்தார். சிரித்தார்.

மோதிரம் போட்ட விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. விசிறி ஒரு சுற்று சுற்றியது. கைதட்டல். கம்பிகள் முனகின. இன்னொரு சுற்று. குருவின் புருவங்கள் மேலேறின. இமைகள் ஏறின. வாய் இரண்டு பக்கமும் விரிந்தது. ஈறு தெரிந்தது.

"பிள்ளை எப்படிச் சிரிக்குது பாருங்க," என்றாள் யாரோ ஓர் ஆன்டி.

இன்னொரு படம் என்று விரலைக் காட்டினான் கேமராக்காரன். டான் ஸ்ரீ பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. சிவேந்திரன் பற்கள் தெரிய நின்றார்.

சுதர்சினியின் தோளுக்கு மேலே, யாரும் தொடாத அந்தச் சின்ன மொட்டைத் தலையின் உச்சியில், தோல் குவிந்து, ஒரு கூடாரம்போல விமானத்தின் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்தது.