கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

கப்பலுக்கு முப்பத்தாறு பொத்தான்கள் தேவைப்பட்டன.

மருது தன் அப்பாவின் சட்டைகளிலிருந்து பதினெட்டைக் கழற்றினான். முத்துத்தாய் தன் அப்பாவின் சட்டைகளிலிருந்து பதினெட்டைக் கழற்றினாள். மறுநாள் காலையில் பரவை ஊரில் இரண்டு பேர் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

“கப்பலுக்கு எதுக்குடி பொத்தான்?” என்று கேட்டாள் முத்துத்தாயின் அம்மா.

“கயித்தை இழுத்துக் கட்டத்தாம்மா. பொத்தான் ஓட்டையில விட்டு இழுத்தா பாய்மரம் ஆடாம நிக்கும்.”

“பாய்மரம் நிக்கும். உங்கப்பா சட்டை நிக்குமா?”

இருவரும் ஏழாம் வகுப்பு. அது 1982ஆம் ஆண்டு, ஆடி மாதம். மதுரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மாணவர்களின் கைவேலைக் கண்காட்சி நடக்கப்போவதாக ஸ்யாமளா டீச்சர் வகுப்பில் சொன்னார். “நாங்க கப்பல் செய்யிறோம் டீச்சர்!” என்று அந்த நிமிடமே எழுந்து நின்றவர்கள் இவர்கள்தான். இருவருமே கடலைப் பார்த்ததில்லை.

டீச்சர் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓடிய மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றின் படம் இருந்தது. படத்தின் மேல்பக்கம் கிழிந்துபோயிருந்தது. அதனால் பாய்மரங்களின் உச்சியில் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி மருது கப்பலின் உடம்பைச் செய்தான். மூங்கில் குச்சிகள் பாய்மரங்களாயின. பாய்கள் காற்றில் புடைத்த மாதிரி இருக்க வேண்டுமே? முத்துத்தாய் பழைய வேட்டித் துணியைக் கஞ்சியில் முக்கி, பித்தளைச் சொம்பின் வயிற்றில் ஒட்டிக் காயவைத்தாள். உரித்து எடுத்தபோது துணி சொம்பைப் போலவே உப்பி நின்றது.

மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்கு இருபக்கமும் கயிற்று ஏணிகள் வேண்டும். மில் நூலை மெழுகில் உருவி, பூக்கட்டும் முடிச்சையே குட்டிக் குட்டியாகப் போட்டாள். மொத்தம் நானூற்று இருபது முடிச்சுகள். எண்ணி முடித்தபோது விரல் நுனிகள் சிவந்திருந்தன.

கொடி மட்டும் முழுக்க முழுக்க மருதுவின் வேலை. சிவப்புத் துணியில் இரண்டு மீன்களை வரைய அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, நடுப் பாய்மரத்தின் உச்சியில் கோந்தால் ஒட்டினான். கொடி கப்பலின் பின்பக்கமாகப் பறந்தது.

“எப்படி?” என்று கேட்டான்.

“மீனு ரெண்டும் இப்பவே துள்ளுற மாதிரி இருக்கு!” என்றாள் முத்துத்தாய். மருதுவின் முகம் அந்தக் கொடியைவிடச் சிவந்துவிட்டது.

கண்காட்சி நாள் வந்தது. ஸ்யாமளா டீச்சர் முன்னால் உட்கார, இருவரும் பேருந்தில் ஜன்னலோரம் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். விளாங்குடியில் ஆள் ஏற்றப் பேருந்து நின்றது. ஆடிக் காற்று சாலையில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

அப்போது ஒருவர் சைக்கிளில் மதுரைப் பக்கம் போனார். அவர் மிதிக்கவே இல்லை! இரண்டு கால்களையும் தூக்கிக் கம்பியில் வைத்திருந்தார். ஒரு கையில் விரித்த குடை. பின்னாலிருந்து அடித்த காற்று குடையில் மோதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது.

முத்துத்தாய் சிரித்துவிட்டாள். சட்டென்று சிரிப்பு நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அது பின்னால் பறக்கவில்லை. காதைத் தாண்டி, அவருக்கு முன்னால் பறந்தது.

மடியில் இருந்த கப்பலைப் பார்த்தாள். பாய்கள் முன்பக்கம் புடைத்திருந்தன. கொடி மட்டும் பின்பக்கம் பறந்தது.

“மருது, நம்ம கொடி தப்பா இருக்குடா.”

“என்ன தப்பு? மீனு நல்லா இல்லையா?”

“மீனு நல்லாத்தான் இருக்கு. கொடி முன்னால பறக்கணும். காத்து பின்னால இருந்துதான அடிக்குது?”

மருதுவுக்குச் சுருக்கென்றது. “மந்திரி கார் பாத்திருக்கியா? கொடி எந்தப் பக்கம் பறக்குது? பின்னாலதான? போற வண்டியில கொடி பின்னாலதான் பறக்கும்.”

மருது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

கண்காட்சிக் கூடத்தில் ஐம்பது மேசைகளுக்கு மேல் இருந்தன. கப்பலை அவர்களுக்கான மேசையில் வைத்தார்கள். டீச்சர் பெயர் கொடுக்கப் போனார். மருது தண்ணீர் குடிக்கப் போனான்.

முத்துத்தாயும் கப்பலும் மட்டும் தனியாக இருந்தார்கள்.

கோந்துதானே? ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் இளகிவிடும். கொடியைத் திருப்பி ஒட்ட ஒரு நிமிடம் போதும். மருது வருவதற்குள் முடித்துவிடலாம். அவள் கை கொடிவரை போனது.

பிறகு கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாள் உட்கார்ந்து அவன் வரைந்த கொடி. அவனுக்குத் தெரியாமல் தொட்டால் நன்றாகவா இருக்கும்?

மருது திரும்பி வந்ததும், “கொஞ்சம் வெளிய வாரியா?” என்றாள்.

“எதுக்கு?”

“ஒன்னு பாக்கணும். நீ சொல்றது சரியா இருந்தா நான் வாயே திறக்கமாட்டேன்.”

முத்துத்தாய் வாயே திறக்காமல் இருப்பதா? அதைப் பார்ப்பதற்காகவே மருது கிளம்பினான்.

பள்ளி மைதானத்தில் காற்று ஓ என்று அடித்தது. முத்துத்தாய் தன் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தாள். “காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. இதைத் தலைக்கு மேல பிடி. நீதான் கப்பல்.”

மருது கையைத் தூக்கினான். கைக்குட்டை முன்பக்கமாகப் படபடத்தது.

“சும்மா நின்னா அப்படித்தான். கப்பல் ஓடும்ல?” என்றான்.

“சரி, ஓடு.”

மருது நடந்தான். கைக்குட்டை முன்னால்தான் பறந்தது. ஓடினான். கொஞ்சம் தொய்ந்தது, ஆனாலும் பின்னால் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிவரை ஓடினான். சட்டையெல்லாம் புழுதியோடு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். கைக்குட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மந்திரி காருக்கு இன்ஜின் இருக்கு,” என்றான் மெதுவாக. “அது காத்தைக் கிழிச்சிக்கிட்டுப் போகுது. நம்ம கப்பலைக் காத்துதான் தள்ளுது. தள்ளுற காத்தை அது எப்படி முந்தும்?”

“நான் இம்புட்டு அழகா யோசிக்கலைடா,” என்றாள் முத்துத்தாய். அது உண்மைதான்.

“அப்புறம் ஏன் நிக்கிற? வா!”

இருவரும் உள்ளே ஓடினார்கள். நடுவர்கள் இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டார்கள். அந்த மேசையில் ஒரு பையன் செய்திருந்த அணைக்கட்டு நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து ஒழுகத் தொடங்கியது. ஒரு நடுவரின் செருப்பு நனைந்தது. எல்லோரும் துணி தேடி ஓடினார்கள்.

மருதுவே ஈர விரலால் கோந்தை இளக்கினான். அவனே கொடியைத் திருப்பி ஒட்டினான். ஆனால் தண்ணீர் பட்டதில் கஞ்சி கரைந்து, கொடி நனைந்த கோழி இறகு மாதிரி தொங்கிவிட்டது. மீன்கள் இரண்டும் தலைகீழாக நின்றன.

“ஐயையோ!” என்றான் மருது.

“ஊது!” என்றாள் முத்துத்தாய்.

கப்பலின் பின்னால் முட்டிபோட்டு மருது ஊதினான். அவனுக்கு மூச்சு முட்டியதும் அவள் ஊதினாள். அப்புறம் அவன். அப்புறம் அவள். கொடி மெல்ல எழுந்தது. முன்பக்கமாக நீண்டது. கொஞ்சம் கொஞ்சமாக விறைத்தது.

“என்னப்பா பண்றீங்க ரெண்டு பேரும்?”

நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவர்கள்! கேட்டவர் நரைத்த தலைக்காரர், அனந்தராமன். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

“காத்தடிக்கிறோம் சார்,” என்றான் மருது, உப்பிய கன்னங்களோடு.

அனந்தராமன் குனிந்தார். பொத்தான்களைப் பார்த்தார். கயிற்று ஏணியின் முடிச்சுகளை விரல் படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கொடியைப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன.

“கொடி ஏன் முன்னால பறக்குது?”

முத்துத்தாய் மருதுவைப் பார்த்தாள். மருது மந்திரி காரில் தொடங்கி மைதானத்தில் ஓடியதுவரை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, “கண்டுபிடிச்சது முத்துத்தாய் சார். கொடி நான் வரைஞ்சது. அதனால என்னைக் கேட்காம அவ தொடவே இல்ல,” என்றான்.

“கடலைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல சார்,” என்றார்கள் இருவரும்.

“நான் பாத்த பொம்மைக் கப்பல்கள்ல பாதிக்கு மேல கொடி தப்பாத்தான் இருக்கும். செஞ்சவங்க பெரியவங்க,” என்றார் அவர். மேசையில் இருந்த அட்டையில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார். “பரவையா? பழைய தமிழ்ல பரவைன்னா என்ன அர்த்தம் தெரியுமா? கடல்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பிறந்ததே கடலிலா!

மாலையில் மேடையில் முதல் பரிசுக்கு அந்த ஊர்ப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்யாமளா டீச்சர் கைதட்டியதில் அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மருதுவும் முத்துத்தாயும் ஆளுக்கொரு பக்கம் கப்பலைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார்கள்.

திரும்பும்போது பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் கப்பலைப் பார்த்ததும் ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்தார். கயிற்று ஏணியைக் கட்டியது யார் என்று பின்சீட்டுத் தாத்தா கேட்டார். கொடியில் மீன் வரைந்தது யார் என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். இருவரும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தே போனார்கள்.

ஊர் வந்ததும் நடத்துனர் விசில் ஊதினார். “பரவை, பரவை! கப்பல் எறங்குது, எல்லாரும் வழி விடுங்க!”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதலில் கப்பல் இறங்கியது. அதன் பின்னால், தலை நிமிர்ந்து, அதைச் செய்தவர்கள் இறங்கினார்கள்.