மூன்றாவது ஆணி

மாலை 6:10. ஏரிக்கரை வீட்டின் முன்னறையில் தாங்கி மட்டும் நின்றது. ஐந்து மணி வரை அதில் இருந்த கிதாரைக் காணவில்லை.

6:25க்கு போலீஸ் சார்ஜென்ட் ஹில்க்கா வந்து சேர்ந்தபோது, ஒரு காலத்தில் ஐரோப்பாவையே அலறவைத்த 'உறைபனிக் கோடரி' மெட்டல் இசைக்குழுவில் மிஞ்சிய மூவரும் இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார்கள். பாடகன் வெய்க்கோவின் தாடியில் தண்ணீர் சொட்டியது. டிரம்ஸ் அடிக்கும் உர்ஹோவுக்குப் பல் தந்தியடித்தது. பேஸ் கிதார் வாசிக்கும் கேயோ மூச்சு வாங்க, அவன் மார்பில் இரும்புக் கோடரிச் சங்கிலி ஆடியது. மூவரும் அவளுடைய பள்ளித் தோழர்கள். ஹில்க்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

குழுவின் முதல் இசைத்தட்டு அந்தக் கிதாரில் பிறந்தது. அப்புறம் பன்னிரண்டு லாரி நிறையச் சாமான், டோக்கியோவில் தள்ளுமுள்ளு, மேடையில் நெருப்பு என்று கொடிகட்டிப் பறந்தார்கள். பிறகு மவுசு இறங்கியது. இருவர் கழன்றுகொண்டார்கள். போன மாதம் டிராக்டர் கடைத் திறப்பு விழாவில் வாசித்தபோது கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் உர்ஹோவின் மைத்துனர்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் கிதாரை ஊர் அருங்காட்சியகத்திடம் கொடுத்துவிட்டுக் குழுவைக் கலைப்பதாக வெய்க்கோ அறிவித்திருந்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து ஹில்க்காவுக்கும் மனசு சரியில்லை.

"அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"சௌனாவில. மூணு பேரும் ஆவியில வெந்துகிட்டு," என்றான் வெய்க்கோ, ஏரியோரத்து நீராவிக் குளியல் அறையைக் காட்டி.

"நடுவில யாராவது வெளியே போனீங்களா?"

"புகைச் சௌனா, ஹில்க்கா. விளக்கு கிடையாது. பக்கத்தில இருக்கறவன் மூக்கே தெரியாது."

"பேச்சுக் குரல்?"

மூவரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"சௌனாவில எவன் பேசுவான்?" என்றான் உர்ஹோ.

அவளும் பேசமாட்டாள்தான்.

"ஆறு மணிக்கு?"

"நானும் வெய்க்கோவும் ஏரிப்பக்கக் கதவு வழியாத் தண்ணியில குதிச்சோம். பின்னாலயே கேயோவும் விழுந்தான். படித்துறையில கிடந்த துண்டைக் கட்டிகிட்டு நேரா இங்க வந்தோம்."

"உடை மாத்துற அறைக்கு?"

"உள்ளே போனப்போ போனதுதான். அப்புறம் அந்தப் பக்கமே போகலை," என்றான் கேயோ.

எதிர்வீட்டுக்காரி நான்கு மணியிலிருந்து வேலிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்றாள்.

6:40. உடை மாற்றும் அறையில் மூன்று ஆணிகள். முதல் ஆணியில் வெய்க்கோவின் மண்டையோட்டு மோதிரங்கள், கயிற்றில் கோத்தபடி. இரண்டாவதில் உர்ஹோவின் இரும்பு முள் பதித்த கைப்பட்டைகள். மூன்றாவது வெறுமையாக இருந்தது. அதன் கீழே கேயோவின் உடுப்பு கிடந்தது.

6:50. திரும்பி வந்தாள்.

"எடுத்தவன் கேயோ."

"என்ன ஆதாரம்?" என்றான் கேயோ.

"உன் கழுத்து. அந்தச் சூட்டில இரும்பு பட்டா தோல் பொரிஞ்சிடும். அதனாலதான் எல்லாரும் ஆணியில மாட்டிட்டுப் போறீங்க. உன் மார்பில ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அந்தப் பக்கமே போகலைன்னா, சங்கிலி எப்படிக் கழுத்துக்கு வந்தது? நைசா வெளியே வந்து உடுத்திகிட்டே. உனக்கு உடுத்தறதுன்னா முதல்ல சங்கிலிதான். கிதாரை ஒளிச்சிட்டு வந்து துணியைக் கழட்டினே. இவங்க குதிக்கிற சத்தம் கேட்டதும், சங்கிலியை மறந்துட்டு ஓடிப்போய் விழுந்துட்டே."

கேயோ சங்கிலியைப் பிடித்துக்கொண்டான்.

"கவுத்துப் போட்ட படகுக்கு அடியில இருக்கு. கம்பளியில சுத்தித்தான் வெச்சேன். அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டா நாம முடிஞ்சோம்டா. எனக்குப் பதினோரு பேர் போதும்."

வெய்க்கோ ஈரத் தாடியை உதறினான்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"எங்க சொல்றது? நாம ஒண்ணா உக்கார்றதே சௌனாவிலதான்."

"எனக்கும் கொடுக்க மனசில்லை," என்றான் வெய்க்கோ மெதுவாக. "நீங்க ரெண்டு பேரும் சலிச்சுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் உன்னை அப்படி நினைச்சேன்," என்றான் உர்ஹோ.

ஹில்க்கா குறிப்பேட்டை மூடினாள். "முதல்ல போய் கால்சட்டை போடுங்கடா."

மறுநாள் பத்து மணிக்கு அருங்காட்சியக வண்டி வந்து, கிதாருக்குப் பதிலாகக் கேயோவின் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனது. அன்று மாலை படித்துறையில் கச்சேரி. கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் சீருடையில் இருந்தாள்.