கிண்ணத்துக்குள் அவரை விதை

ஸ்ரெல்லாவின் அப்பா சூசைதாசன், தான் வேலை செய்யும் வீட்டின் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த வேகத்தைப் பார்த்தால், அவரைக்காய்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலிருந்தது.

"அப்பா, இண்டைக்கு உங்களுக்குப் பதிலா ஆர் கோல் காக்கிறது?"

"கிறிகோரி."

கிறிகோரி மாமா மிகவும் நல்லவர். ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் அவர்களுடைய கோயில் கால்பந்து அணி இறுதியாட்டத்துக்கு வந்தது இதுதான் முதல்முறை. ஆனால் அந்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா, பக்கத்து ஊரான மொண்டெல்லோவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அவருடைய கணவர் ஹயசாகாவைத் தனியே விடக்கூடாது. இரவுச் சமையலுக்கு அவரைக்காயும் உரிக்க வேண்டும்.

ஸ்ரெல்லா ஹயசாகாவுக்குத் தேநீர் கொண்டுபோனாள். சுவரில், நீலச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் பந்தோடு நின்ற படம் இருந்தது.

"இது நீங்களா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

"நான்தான். ஜப்பானுக்காக விளையாடிய காலம்."

"அப்படியென்றால் பெரிய பணக்காரராக இருந்திருப்பீர்கள்."

ஹயசாகா சிரித்தார். "பந்து உதைப்பதையே வேலையாக்கியது இப்போதுதான். அந்தக் காலத்தில் நான் கப்பல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மத்தியானம் வரை இயந்திரம், பிறகு பந்து."

"ஆட்டத்துக்குப் போனால் இயந்திரத்தை யார் பார்ப்பார்கள்?"

"தெஷிமா என்று ஒரு நண்பன். என் வேலையையும் சேர்த்துச் செய்வான். அதனால் என் ஆட்டம் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அவன் இல்லாவிட்டால் இந்தச் சட்டையே எனக்கு இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடும்."

ஸ்ரெல்லா கொஞ்சம் யோசித்தாள். "என் அப்பாவுக்கும் இன்றைக்கு இறுதியாட்டம். அவருக்குத்தான் தெஷிமா இல்லை."

ஹயசாகா தேநீரைக் கீழே வைத்தார். "என்னிடம் அவர் சொல்லவே இல்லையே."

"நீங்களும் மைதானத்துக்கு வரலாமா? அப்போது உங்களைத் தனியே விட்டதாக ஆகாதே."

"கால்தான் முறிந்தது. சக்கரம் நன்றாக உருளுகிறது" என்றார் அவர். "அவரைக்காயையும் எடுத்துவா. இன்று உன் அப்பாவின் வேலை என்னுடையது."

அப்பா பதறிப்போனார். "சிஞ்ஞோரா என்ன சொல்லுவாவோ தெரியாது, பிள்ளை."

"கேட்டாத்தானே அப்பா தெரியும்."

ஹயசாகாவே தொலைபேசியில் கேட்டார். தொப்பி போட்டுக்கொண்டு போகச் சொன்னார் சிஞ்ஞோரா.

அன்று ஹயசாகா கோல் கம்பத்துக்குப் பின்னால், மடியில் அவரைக்காய்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்தார். கிறிகோரி மாமா மகிழ்ச்சியோடு கையுறைகளை அப்பாவிடம் கொடுத்தார். கடைசி நிமிடத்தில் வந்த பந்தை அப்பா பாய்ந்து தட்டிவிட்டார். அவர்களுடைய அணி ஒரு கோலால் வென்றது.

வெற்றிக் கிண்ணத்தோடு அப்பா நேராக ஹயசாகாவிடம் வந்தார். நன்றி சொல்லி, கிண்ணத்தை அவரிடம் நீட்டினார்.

ஹயசாகா வெட்கத்தோடு மடியைக் காட்டினார். பத்துக் காய்கூட உரிக்கவில்லை.

"ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தெஷிமா எத்தனை பெரிய காரியம் செய்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது."

ஸ்ரெல்லா அதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னாள்.

"அதுக்கென்ன, இஞ்சை தாங்கோ. நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம்" என்று கிறிகோரி மாமா புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அணி முழுவதும் சுற்றி உட்கார்ந்தது. உரித்த விதைகளைப் போட வேறு பாத்திரம் இல்லை.

அன்று மாலை சிஞ்ஞோரா வீடு திரும்பியபோது, சமையலறை மேசையில் வெற்றிக் கிண்ணம் நிறைய அவரை விதை இருந்தது.