புளி போட்ட தோட்டா

"வௌவால் கடிக்குமாக்கா?"

"உன் மூஞ்சியப் பார்த்தா அதுதான் பயப்படும். நட!"

இருதயராஜைக் குகைக்குள் தள்ளினாள் அங்கயற்கண்ணி. மலையடிவாரத் துப்பாக்கி கிளப்பின் கேப்டன் அவள். நாளை கோப்பைப் போட்டி. வரவேண்டிய தோட்டாக்கள் வரவில்லை. யாரையும் நம்பாத பழைய தலைவர், சாகும் முன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வரைபடம் போட்டிருந்தார்: சுனை, இரட்டைப் பாறை, குகை, தோட்டாப் பெட்டி.

இருதயராஜ் பதினைந்து வருடமாகச் சுடுகிறான். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. பெட்டி கிடைக்காவிட்டால் இந்த வருடமும் இல்லை.

தவழ்ந்தார்கள். எச்சத்தில் வழுக்கினார்கள். பாறை இடுக்கில் தகரப் பெட்டி!

"கிடைச்சிருச்சு!"

பின்னாலேயே தவழ்ந்து வந்த கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் மொய்தீன் பாய் டார்ச் அடித்தார். முகம் சுருங்கியது.

"பித்தளைல பச்சை பிடிச்சிருக்கு. பச்சை பிடிச்சது, நசுங்கினது, குண்டு ஆடுறது, எதையும் சுடக்கூடாது. காலைல பிரிச்சுடறேன்."

பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று இருதயராஜுக்குத் தெரியும். பெட்டியைக் கிளப்பில் பூட்டி வைக்கும் பொறுப்பு அவனுடையது. பூட்டும் முன் அத்தனை தோட்டாக்களையும் புளி போட்டுத் தேய்த்தான், வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்ப்பதைப் போல.

காலையில் பாய் திகைத்தார்.

"என்னடா இப்படிப் பளபளக்குது?"

"நேத்து டார்ச் வெளிச்சத்துல பச்சையாத் தெரிஞ்சிருக்கும் பாய்."

நசுங்கிய மூன்றை மட்டும் ஒதுக்கினார்.

போட்டியில் ஒன்பது தோட்டா முடிந்தபோது இருதயராஜ்தான் முன்னிலை. கடைசியான பத்தாவதுக்கு விசையை அழுத்தினான்.

புஸ்!

இலக்குத் தாளில் புதிய ஓட்டை இல்லை. நாற்பது நொடி பாக்கி. நடுவர் மாற்றுத் தோட்டா ஒன்றை அனுமதித்தார். அவன் கை அதை நோக்கிப் பாய்ந்தது.

"கையை எடு!" பாய் அலறினார். "முனை இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்!"

"ஒரே ஒரு குண்டு பாய்! கோப்பை!"

"சத்தம் செத்துருச்சுல்ல? குண்டு குழாய்க்குள்ளயே நிக்கலாம். அடுத்ததைச் சுட்டா குழாய் வெடிச்சு உன் கண்ணுக்குத்தான் வரும்!"

"பதினைஞ்சு வருசம் பாய்!"

"கண்ணு எத்தனை வச்சிருக்க?"

இருதயராஜ் மாற்றுத் தோட்டாவைப் பார்த்தான். அழகாக மின்னியது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்தான். மணி அடித்தது. கோப்பை எதிரணிக்குப் போனது.

ஒரு நிமிடம் காத்திருந்து, துப்பாக்கியைத் திறந்து, காலி என்று உறுதி செய்தபின் பாய் குழாய்க்குள் கம்பி விட்டார். பாதியில் 'டக்' என்று நின்றது. தட்டியதும் ஈயக்குண்டு வெளியே விழுந்தது.

அங்கயற்கண்ணி மீதித் தோட்டாவை முகர்ந்தாள்.

"இருதயராசு, இது என்ன வாசனை?"

"...புளிக்கா."

பாய் தலையில் கை வைத்தார். "பச்சைதாண்டா எனக்கு அடையாளம்! அதையே தேய்ச்சுட்டியே! புளித்தண்ணி உள்ள இறங்கி மருந்தையும் நனைச்சிருக்கு!"

மீதித் தோட்டாக்களை அழிக்கச் சொல்லி போலீஸில் ஒப்படைத்துவிட்டு, ஜெயித்தவர்களைப் போல ஹாரன் அடித்துக்கொண்டே ஜீப்பில் திரும்பினார்கள். பதினைந்து வருடமாகக் காலியாகக் கிடந்த கோப்பை அலமாரியில் அந்த ஈயக்குண்டை வைத்தார்கள். அதைப் பார்க்க இருதயராஜுக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

அலமாரிக் கண்ணாடியில் பாய் ஒரு தாள் ஒட்டினார்:

"புளி ரசத்துக்கு."