பல் வைத்த கால்பலகை

கொட்டகையில் இரவெல்லாம் ஹீட்டர் ஓடியிருந்தது. மோட்டார் பனிவண்டியின் மேல் அப்பியிருந்த பனி முழுக்க உருகி, சிமெண்ட் தரையில் வழிந்து, மூலையிலிருந்த துளைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோலும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை அறையை அடைத்திருந்தது. காலையில் கதவைத் திறந்து உள்ளே வந்த வார்யா கல்மகோஃப், வண்டியின் வலதுபக்கக் கால்பலகையில் ஒரு கட்டி மட்டும் உருகாமல் இருப்பதைப் பார்த்து நின்றாள்.

பூட்ஸின் அடிப்பாகம் போல இருந்தது அது. குதிகால் அகலமாக, முன்பக்கம் வளைந்து, கல்லாக இறுகியிருந்தது. ஓட்டும்போது காலுக்கடியில் பனி மிதிபட்டு இப்படிக் கட்டியாவது வழக்கம்தான். ஆனால் அவள் கால் வைக்கும் இடம் முன்னால், கைப்பிடிக்கு நேர்கீழே. இது அதற்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. அவளுடைய பூட்ஸைவிடப் பெரியது. மலை ஏறும் வண்டியில் பின்னால் ஆள் உட்கார இடமே கிடையாது.

சுத்தியலால் தட்டினாள். நான்கைந்து அடிக்குப் பிறகுதான் உடைந்தது. துண்டுகளை வாரி வெளியே எறிந்துவிட்டுக் கையுறையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளங்கை மரத்துப்போயிருந்தது.

மலைக்கணவாய்ச் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள் வார்யா. பனிக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் போன வாரம் செங்குத்தான சரிவில் இதே பலகையில் கால் வழுக்கி, வண்டி உருண்டு, ஒரு தேவதாரு மரத்தடிப் பனிக்குழிக்குள் அவள் மேலேயே விழுந்தது. தம்பி எலை வந்து தோண்டி எடுக்கும்வரை இருட்டில் கிடந்தாள். அன்றே முடிவு செய்துவிட்டாள், பழைய பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவதென்று.

மதியம் எலை வந்தான். ஒரு கையில் போர்ஷ்ட் சூப் நிரப்பிய ஃபிளாஸ்க். தோளில் கட்டித் தூக்கிவந்த இரண்டு ஜோடி அலுமினியப் பலகைகள். சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"நல்லாப் பாத்துச் சொல்லுக்கா. இது லேசு. ஓட்டை பெருசு, பனி தங்காம கீழ கொட்டிடும். ஆனா ஓரத்துல மட்டும்தான் பல்லு. அந்த ஜோடியில நடுவுலயும் பல்லு. காலை வச்சா வச்சதுதான்."

"வச்சா வச்சதுதான்னா?"

"சட்டுனு குதிக்க வராது. காலை நேரா மேல தூக்கித்தான் எடுக்கணும். தப்பி விழுந்தேன்னு வையி, கெண்டைக்காலைச் சீவிடும். என்னைக் கேட்டா லேசானதுதான்."

வார்யா பல் வைத்த பலகையைக் கையுறையோடு தடவினாள். ஒவ்வொரு துளையின் விளிம்பும் ரம்பம் போல மேல்நோக்கி மடிந்திருந்தது. கம்பளி நூல் சிக்கிக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இதையே போடு. இனிமே எனக்கு வழுக்கக் கூடாதுடா."

எலை டிரில்லை எடுத்து ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தான். பழைய பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவன் சிரித்தான்.

"யாருக்கும் தெரியாம எவனையாவது பின்னால ஏத்திட்டுத் திரியறியா?"

"என்ன உளர்றே?"

"பாரு. முன்னால பெயிண்ட் தேஞ்சு பளபளங்குது, அது உன் கால். பின்னால இன்னொரு இடம் தேஞ்சிருக்கே, அது யாரு?"

"பெட்ரோல் கேன் கட்டுவேன். அது உரசியிருக்கும்."

"கேனுக்குக் குதிகால் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. காலையில் பார்த்த கட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. புதைந்து கிடந்ததில் மூளை உறைந்துவிட்டது என்பான். சூப்பை ஊற்றிக் குடித்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் இருவரும் மலை ஏறினார்கள். வானமும் தரையும் ஒரே வெள்ளையாய், மேடு எது பள்ளம் எது என்று பிரியாத மங்கல் வெளிச்சம். எலை முன்னால் போய் முகட்டின் தோளில் வண்டியை நிறுத்திவிட்டு, சிவப்புச் சட்டையோடு சிறு புள்ளியாக நின்றான். வார்யா சரிவுக்குக் குறுக்கே வண்டியைச் சாய்த்து, மேட்டுப்பக்கப் பலகையில் முழு எடையையும் ஊன்றி நின்றாள். பற்கள் பூட்ஸைக் கவ்விப் பிடித்தன. மிதிபட்ட பனி துளைகள் வழியே சலித்த மாவாய்க் கொட்டியது. வண்டி இத்தனை சொன்னபடி கேட்டதே இல்லை. அவளுக்குப் பெருமூச்சு வந்தது.

கொஞ்ச தூரம் போனபின் குனிந்து பார்த்தாள். அவள் பூட்ஸுக்கடியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலும் கொட்டிக்கொண்டிருந்தது. நின்று, மறுபடி கொட்டியது. யாரோ கால் மாற்றி ஊன்றுவதுபோல.

வளைவில் அவள் சாய்ந்தாள். ஒரு நொடி கழித்து வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. பின்னால் இருக்கும் கனம் தடுமாறவில்லை. அதற்கு ஓட்டத் தெரிந்திருந்தது. எஞ்சின் இரைச்சலையும் மீறி ஹெல்மெட்டின் பின்புறம், காதுக்கு மிக அருகில், ஈரமான மூச்சு ஒன்று மெதுவாக இழுபட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

மூன்றாவது வளைவில் கனம் முதலில் சாய்ந்தது. அவள் சாயும் முன்பே.

கைப்பிடியை இறக்கத்தின் பக்கம் திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. ஆக்சிலேட்டரை விட்டாள். வேகம் குறையவில்லை. வண்டி நேராக முகட்டை நோக்கி ஏறியது. எலையை நோக்கி.

மேகம் விலகியது. தாழ்ந்த வெயில் சரிவில் விழுந்தது. அவளுக்குப் பக்கத்திலேயே வண்டியின் நிழல். அதன்மேல் ஒரே ஓர் ஆளின் நிழல். அப்பாடா என்று கைப்பிடிமேல் குனிந்தாள்.

நிழல் குனியவில்லை.

குதிக்க வேண்டும். கால் வரவில்லை. பற்கள் ரப்பரில் ஆழமாக இறங்கியிருந்தன. நேரா மேல தூக்கு. நேரா மேல. இழுத்தாள். அடிப்பாகம் கிழிந்தது. கெண்டைக்காலில் நெருப்பு. பனியில் விழுந்தாள், புரண்டாள், நின்றாள்.

இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு வண்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அது பிடுங்கினால் எஞ்சின் அணைய வேண்டும்.

அணையவில்லை. ஆளில்லாத வண்டி சாய்வு மாறாமல், கோடு போட்டதுபோல, மேலே ஏறிப்போனது.

மார்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அப்படித்தான்க்கா! சூப்பரா நிக்கிறே! கால் அசையவே இல்ல!"

பொத்தானை அமுக்கினாள். "எலை! அது நான் இல்லடா! ஓடிடு!"

அவன் தன் பொத்தானை விடவில்லை. அவன் அதை அமுக்கியிருக்கும்வரை இவள் குரல் அவனுக்குப் போகாது. சிரிக்கிறான். "பல்லு வச்சதுதான் சரி, நான் ஒத்துக்கறேன். வா வா, இங்க பக்கத்துல நிறுத்து."

அவள் கத்தினாள். சரிவு குரலை விழுங்கியது. முழங்கால்வரை புதையப் புதைய ஓடினாள். விழுந்தாள். பின்னால் வெள்ளையில் சிவப்பு.

மேலே வண்டி எலையின் அருகில் போய் நின்றது. எஞ்சின் ஓய்ந்தது. ஒருபக்கம் சாய்ந்தபடியே நின்ற வண்டி, மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்து நேரானது. பலகையிலிருந்து யாரோ இறங்கியதுபோல.

எலை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னே வந்தான்.

"ஏன்க்கா பேச மாட்டேங்கறே?" வாக்கி-டாக்கியில் அவன் குரல். "ஹெல்மெட்டைக் கழட்டு."

காற்று மட்டும் இரைந்தது.

"கழட்டுக்கா" என்றான். பொத்தானை அவன் இன்னும் விடவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. அவன் தோள்மேல் சிவப்புத் துணி, ஐந்து விரல் ஊன்றியதுபோல, தானாக அமுங்கியது.