மஞ்சள் பாதையில் எதிரே வந்தவள்

"தடை. விலகவும்" என்று மருதாசலத்தின் கையிலிருந்த வழிக்கோல் எச்சரித்தது. மறுகணமே அடித்தது. காந்திபுரத்தில், பார்வையற்றோருக்கான மஞ்சள் பாதையில் நிறுத்தியிருந்த பைக்கின் முன்சக்கரம் நசுங்கியது. பதறி ஓடிவந்த பைக்காரனின் முழங்காலும் பெயர்ந்தது. மருதாசலம் நிற்காமல் நடந்தார். அவருக்கு அது இனித்தது, மறைத்து என்ன பயன்?

பிறவியிலேயே பார்வையில்லாத வழக்கறிஞர் அவர். பழைய உரிமைச் சட்டங்கள் காகிதத்தில் அழகாக இருந்தன. காலால் வழியறியப் பதித்த புடைப்புக் கற்களின்மேல் பஜ்ஜிக் கடை இருந்தது. கொதிக்கும் எண்ணெயில் ஒருமுறை கையைவிட்டவர் அவர். அந்த ஆத்திரத்தில்தான் வழக்காடிப் பாதை உரிமைச் சட்டத்தை வாங்கினார். அதன்படி மஞ்சள் பாதையில் மற்றவர்கள் கால்வைப்பதே குற்றம். மணிக்கட்டில் பூட்டிக்கொள்ளும் வழிக்கோல், குறுக்கே எது வந்தாலும் அடித்து அகற்றும். முன்பு கைபிடித்துச் சாலை கடத்திவிட்டவர்கள்கூட இப்போது தூரத்திலேயே ஒதுங்கினார்கள். அதுவும் அவருக்கு மரியாதையாகத்தான் பட்டது.

அவர் மனைவி சுகந்திக்கும் பார்வை இல்லை. "அடிச்சு வாங்குற வழி எனக்கு வேண்டாங்க" என்று பழைய வெள்ளைக் கோலையே வைத்திருந்தாள். சட்டம் கொண்டுவந்தவன் வீட்டிலேயே இப்படியா என்று மாதக்கணக்கில் நச்சரித்து, அன்று காலைதான் அவள் கையில் வழிக்கோலைப் பூட்டி அனுப்பியிருந்தார். இப்போது வேலை முடிந்து வருபவளை அழைத்துவரப் பேருந்து நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"தடை. விலகவும்." அதே குரல் இரண்டு முறை கேட்டது. சுவரில் மோதி எதிரொலிக்கிறது என்று நினைத்தார். எவனோ வண்டியை நிறுத்தியிருக்கிறான், உடையட்டும்.

இரண்டு கோல்களும் ஒன்றாக அடித்தன. அவர் விலா எலும்பு முறிந்தது. விழுந்த பிறகுதான் சுகந்தியின் அலறல் கேட்டது.

சோதனைக்கூடத்தில் ஒரு பார்வையற்றவரை மட்டுமே நடக்கவிட்டுப் பார்த்திருந்தார்கள். ஒரே பாதையில் இருவர் எதிரெதிரே வருவார்கள் என்று கண்ணுள்ள எவருக்கும் தோன்றவில்லை. மருதாசலத்துக்கும் தோன்றவில்லை.

அவளை நோக்கித் தவழ்ந்தார். "தடை. விலகவும்" என்றது அவர் கையிலிருந்த கோல். அப்படியே உறைந்து போனார். இன்னும் சற்று நகர்ந்தால் அது மறுபடி அவளை அடிக்கும். பூட்டைத் திறக்க வேண்டிய இடது கை விழுந்ததில் முறிந்து அசையவில்லை.

சுற்றிலும் காலடிகள் வந்து நின்றன. "யாராச்சும் அவளத் தூக்குங்க" என்று கெஞ்சினார்.

"பாதையில காலு வெக்க எங்களுக்கு உரிமை இல்லீங்களே, சார்."

அந்தக் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. சுகந்தியின் முனகல் குறைந்துகொண்டே வந்தது.