ஒருசந்தி இருக்கும் கார்

எங்கள் கார் எண்ணெய் குடிக்கிறது என்று முதலில் சொன்னவர் அப்பா. ஒரு வாரம் குடிக்கிறது, மறு வாரம் குடிப்பதில்லை என்று முதலில் சொன்னவன் என் தம்பி க்ளென். நான் எதையும் சொல்லவில்லை. நோட்டில் எழுதி மட்டும் வைத்தேன்.

அதற்குக் காரணம் ஜானகி டீச்சர்தான். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால் இருக்கிறது. வாரம் மூன்று நாள் சாயங்காலம் அங்கே தமிழ் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுதப் படிக்க இங்கே வருகிறோம். தினமும் ஐந்து வரி டைரி எழுத வேண்டும். முதலில் தேதி, பிறகு அன்றைக்குக் கண்ணால் பார்த்த ஒரு விஷயம்.

"காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்னு எழுதினா நோட்டைக் கிழிச்சுக் கப்பல் செஞ்சிடுவேன்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான். சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பா காரின் முன்மூடியைத் திறப்பார். ஆயில் அளக்கும் நீளக் கம்பியை உருவுவார். பழைய பனியன் துணியால் துடைப்பார். மறுபடி செருகி, மறுபடி உருவி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அப்பாவின் பெயர் சின்னப்பா. ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் லேபில் வேலை செய்கிறார். எதையும் அளந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எனக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்துச் சொன்னதை நான் தேதியோடு எழுதினேன்.

'ஜூன் 1. எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே. அப்பா ஊற்றினார்.'

'ஜூன் 8. மேல் கோட்டுக்கும் மேலே. ஊற்றவில்லை.'

'ஜூன் 15. மறுபடி கீழே. மறுபடி ஊற்றினார்.'

"ஒரு வாரம் நல்லாக் குடிக்குது. ஒரு வாரம் ஒருசந்தி இருக்குது" என்றான் க்ளென். தவக்காலத்தில் பெரியவர்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருப்பதை எங்கள் வீட்டில் ஒருசந்தி என்போம். அன்றிலிருந்து காருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அது பழைய கார். மே மாதக் கடைசியில் வாங்கினோம். அம்மாவுக்காகத்தான் வாங்கினோம். அம்மா வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறார். முன்பெல்லாம் ஸ்கூட்டரில்தான் கொண்டு போவார். ஒருமுறை வேகத்தடையில் ஸ்கூட்டர் குதித்ததில், பிறந்தநாள் குழந்தையின் பெயரில் பாதி டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரியே அம்மா சொல்லிவிட்டார்: "கார் வாங்கணும். இல்லன்னா நான் இட்லிக் கடை வெச்சுக்கிறேன்."

ஜூலையில் கார் புகை விட ஆரம்பித்தது. பின்னால் குழாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாக வந்தது. எங்கள் தெருப் பால் பூத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஜூலை 27-ம் தேதி எண்ணெய் கீழே இருந்தது. அப்பா ஊற்றினார். அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் 3, ஒருசந்தி இருக்க வேண்டிய வாரம். அன்றும் கீழேதான் இருந்தது.

"இப்ப வாராவாரம் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அப்பா. உடனே மெக்கானிக் நாகேஷ் அண்ணாவுக்கு போன் செய்தார்.

நாகேஷ் அண்ணா வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மாசத்துக்கு எவ்ளோ ஊத்துறீங்க சார்?"

"ஒரு லிட்டருக்கு மேலேயே போகுது நாகேஷ்."

"அப்படின்னா உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு, எண்ணெய் கசிஞ்சு எரியுது போல. இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும். பத்து நாள் வண்டி என் ஷெட்ல இருக்கும்."

கையில் மாவோடு வாசலுக்கு வந்த அம்மா அப்படியே நின்றார். "பத்து நாளா? சனிக்கிழமை வைட்ஃபீல்ட்ல கல்யாணம் நாகேஷ். மூணு அடுக்கு கேக். என் முதல் கல்யாண ஆர்டர்."

"வாடகைக் கார்ல அனுப்புங்க அக்கா."

"அந்த டிராஃபிக்ல அவங்க பிரேக் அடிக்கிற அடியில மூணு அடுக்கும் ஒரே அடுக்காயிடும்."

நாகேஷ் அண்ணா தலையைச் சொறிந்தார். "இப்படியே அவ்ளோ தூரம் ஓட்டினா நடுவுல நின்னாலும் நிக்கும் அக்கா. புதன்கிழமை கொண்டாங்க. அதுவரைக்கும் ஊத்த வேணாம் சார். எப்படியும் பிரிக்கத்தான் போறோம். எப்ப எப்ப ஊத்தினீங்கன்னு எழுதி வெச்சிருந்தா அதையும் குடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "ஸ்னேஹா எழுதி வெச்சிருக்கா."

"அப்ப புதன்கிழமை நான் கல்யாண வீட்டுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே போய் அன்றைய மாவை ரொம்ப நேரம் பிசைந்தார்.

திங்கட்கிழமை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். எண்ணெய் கீழே இருந்த தேதிகள் இடது பக்கம்: 1, 15, 29, 13, 27, 3. மேலே இருந்த தேதிகள் வலது பக்கம்: 8, 22, 6, 20.

எழுதி முடித்துப் பார்த்ததும் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். இடது பக்கம் எல்லாமே ஒற்றைப்படை. வலது பக்கம் எல்லாமே இரட்டைப்படை. எண்ணெய்க்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா என்ன? மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அதேதான் வந்தது. க்ளென்னைப் படிக்கச் சொல்லி மூன்றாம் தடவை எழுதினேன். அப்போதும் அதேதான்.

"அக்கா, இன்னைக்கு என்ன தேதி?" என்றான் க்ளென்.

"நாலு."

"அப்ப இன்னைக்கு எண்ணெய் மேல இருக்கணும். போய்ப் பாக்கலாமா?"

"நேத்து கீழே இருந்துச்சுடா. யாரும் ஊத்தவும் இல்ல. எப்படி மேல வரும்?"

ஆனாலும் அப்பா லேபிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டேன். அவர் கம்பியை உருவினார். துடைத்தார். செருகினார். உருவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

"நீங்க யாராவது ஊத்தினீங்களா?"

"இல்லப்பா."

"கார் குடிச்சதை வாந்தி எடுத்திடுச்சு" என்றான் க்ளென்.

அப்பா அவனை முறைத்தார். "நேத்து நான் சரியாப் பாக்கல போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா சரியாகப் பார்க்காமல் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு டைரியில் நான்கு வரிதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்மனஹள்ளிக்கு ஒரு சின்ன பிறந்தநாள் கேக் போக வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முன் அப்பாவைக் கம்பி பார்க்கச் சொன்னேன். தேதி ஐந்து. எண்ணெய் கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்பா கம்பியைத் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்த்தார். அதேதான்.

அம்மா டப்பாவோடு வாசலில் வந்து நின்றார். "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? வண்டியைச் சர்ச் முற்றத்துக்குக் கொண்டாங்க. அங்கதான் கேக்கை ஏத்துவேன்."

"இங்கேயே ஏத்தினா என்ன?" என்றான் க்ளென். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பது அவனுக்குப் பிடிக்காது.

"வண்டி நிக்கிற லட்சணத்தைப் பாருடா. ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. சீட்ல வெச்சா கேக் மொத்தமும் பால் பூத் பக்கம் நகர்ந்திடும்."

நான் காரைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற கார்தான். எங்கள் தெரு ஒடுக்கமான ஒருவழித் தெரு. ஒற்றைப்படைத் தேதிகளில் எல்லா வண்டிகளும் இடது ஓரம், சர்ச் மதில் பக்கம் நிற்க வேண்டும். இரட்டைப்படைத் தேதிகளில் வலது ஓரம், பால் பூத் பக்கம். காலை எட்டு மணிக்குள் எல்லோரும் மாற்றி நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தும்போது ஒரு பக்கத்துச் சக்கரங்களைச் சாக்கடை மூடிய கல்மேல் ஏற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் தண்ணீர் லாரி போக முடியாது. எங்கள் கார் ஒரு நாள் இந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும். மறுநாள் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும்.

கேக் நகரும் என்றால்?

எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. தப்பாக இருந்தால் க்ளென் ஒரு மாதம் சிரிப்பான். அதனால் கேள்வியாகவே கேட்டேன்.

"அப்பா, லேப்ல தண்ணி அளக்கிற கண்ணாடிக் குழாயை எங்க வெச்சுப் பாக்கச் சொல்வீங்க?"

"மேஜை மேல. மட்டமா இருக்கிற இடத்துல. கையில சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தா..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். காரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கையில் இருந்த கம்பியைப் பார்த்தார்.

"அந்தத் தாளைக் கொண்டா" என்றார்.

தாளில் இருந்த இரண்டு பத்தியையும் விரல் வைத்துப் படித்தார். "இருபது வருஷமாப் பசங்களைத் திட்டிட்டு இருக்கேன், சாய்ச்சு வெச்சு அளக்காதீங்கடான்னு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

காரைச் சர்ச் முற்றத்துக்குக் கொண்டு போனோம். சிமென்ட் போட்ட சமமான முற்றம். அம்மா கேக்கை சீட்டில் வைத்தார், அது நகரவில்லை. ஓடிய வண்டியில் எண்ணெய் கீழே இறங்க நேரம் வேண்டும் என்று அப்பா பத்து நிமிஷம் காத்திருந்தார். "கேக் உருகுது" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். பிறகு அப்பா கம்பியை உருவினார்.

சமமான தரையில், ஞாயிறிலிருந்து ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல், எண்ணெய் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

"இது குடிக்கலை" என்றார் அப்பா மெதுவாக. "சாஞ்சு நின்னப்ப எண்ணெய் கம்பியை விட்டு ஒதுங்கியிருக்கு. நான்தான் வாயைப் பொளந்து ஊத்தியிருக்கேன்."

புதன்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டே அம்மா ஷெட்டுக்கு வந்தார். நான் தமிழ் வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதம் என்று சொல்லி அனுப்பிவிட்டு நோட்டோடு போனேன். நாகேஷ் அண்ணா என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஒத்தை, ரெட்டை" என்று முணுமுணுத்தார். "ஜூலை முப்பத்தொண்ணு நாள். அதான் இருபத்தேழும் ஒத்தை, மூணும் ஒத்தை. யம்மா, இதை யார் எழுதினது?"

"நான்தான் அண்ணா. தப்பு இருந்தாலும் இருக்கும்."

"பாத்துடலாம்."

வண்டியைச் சமமாக நிறுத்தி, அடியில் இருக்கும் திருகைத் திறந்து பழைய எண்ணெய் முழுவதையும் ஒரு தொட்டியில் இறக்கினார். தொட்டியிலிருந்து லிட்டர் குவளையால் அளந்தார். இருக்க வேண்டியதைவிட ஒன்றரை லிட்டர் அதிகமாக இருந்தது.

"இவ்ளோ இருந்தா எண்ணெய் உள்ள அடிபட்டு நுரைச்சு, காத்துக் குழாய் வழியா மேல ஏறி எரியும். அதான் புகை. கல்யாணத்துல ரெண்டு பந்தி சாப்பிட்டவன் ஏப்பம் விடற மாதிரி" என்றார் நாகேஷ் அண்ணா. "வண்டி வாங்கும்போது புகை இருந்துச்சா?"

நான் நோட்டைப் புரட்டினேன். 'ஜூன் 1. கார் புகை விடவில்லை. க்ளென்தான் பட்டாசு கொளுத்திப் புகை விட்டான்' என்று எழுதியிருந்தேன். அதையும் காட்டினேன்.

நாகேஷ் அண்ணா அப்பாவிடம் திரும்பினார். "நீங்க சொன்ன அளவை வெச்சு அன்னைக்கு நான் சொன்னது சரிதான் சார். ஆனா அந்த அளவே தப்பு. இன்ஜின் எல்லாம் இறக்க வேணாம். புது எண்ணெயைச் சரியா அளந்து ஊத்தித் தரேன். காத்துக் குழாயைக் கழுவிடறேன். ரெண்டு நாள்ல புகை நிக்கணும். நிக்கலைன்னா அப்பப் பாப்போம்."

அம்மா போனை எடுத்தார். கல்யாண வீட்டு நம்பரை அழுத்தினார்.

"ஹலோ, கேக் விஷயமாத்தான் பேசறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்திடும். ரோஜாப்பூ இளஞ்சிவப்பா, வெள்ளையா? அதை மட்டும் சொல்லுங்க."

வியாழக்கிழமை கொஞ்சம் புகை வந்தது. நான் அன்று சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை பால் பூத்தில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

சனிக்கிழமை தேதி ஒன்பது. மூன்று அடுக்கு கேக்கை நான்கு பேரும் சேர்ந்து சர்ச் முற்றத்தில் ஏற்றினோம். பின்சீட்டை மடக்கி வைத்த இடத்தில் டப்பாவுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் க்ளென். அம்மாதான் ஓட்டினார். வைட்ஃபீல்ட் போக இரண்டு மணி நேரம் ஆனது. வேகத்தடை வரும்போதெல்லாம் க்ளென் மூச்சை அடக்கிக்கொண்டான். நான் பின்கண்ணாடி வழியாகப் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வெறும் பெங்களூரு டிராஃபிக்தான் தெரிந்தது.

கேக் நேராக இறங்கியது. கடைசி ரோஜாப்பூகூட ஒட்டின இடத்திலேயே இருந்தது.

அடுத்த நாளும் அதற்கடுத்த ஞாயிறும் அப்பா காரைச் சர்ச் முற்றத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒன்று இரட்டைப்படை, ஒன்று ஒற்றைப்படை. எண்ணெய் இரண்டு நாளும் ஒரே இடத்தில், இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. ஒருசந்தி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஜானகி டீச்சர் என் நோட்டைத் திருப்பினார். ஜூன், ஜூலை முழுக்க எண்ணெய். "இந்த ஞாயிறு என்ன இது, ஒரே வரிதான் இருக்கு?" என்றார்.

"மத்த நாலு வரிக்கு ஒண்ணும் நடக்கல டீச்சர்."

டீச்சர் அந்த ஒரு வரியைப் படித்தார். 'ஆகஸ்ட் 17. எண்ணெய் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.